மார்சியானோவின் மூக்கு

— ஒன்றரை நிமிஷம்! ஸ்பிங்க்ஸ் ஒன்றரை நிமிஷத்துல மல்லாந்துட்டான். குத்துச்சண்டை கேசட்டப் போட்டுட்டு டீ வாங்கப் போயிட்டு வந்தா ஆட்டம் முடிஞ்சு டிவியில கோடு ஓடுது. அந்த டைசன் முன்னாடி உம்ம அலி எத்தனை நிமிஷம் நிப்பான்? சொல்லும் வானமாமலை, சும்மா காலிபீலி கதை அளக்காதீரும்.

— ஏல சாகுலு, ஸ்பிங்க்ஸ் ரிங்குல ஏறும்போதே பாதி செத்துத்தான் ஏறினான். அலி எவனைப் பாத்துலே பயந்தான்? லிஸ்டனைப் பாத்தா? ஃபோர்மேனைப் பாத்தா? ஃபோர்மேன் குத்துன குத்துல மணல்மூட்டையே பள்ளம் விழும். அவனைக் கயித்துல சாஞ்சுக்கிட்டே களைக்க வச்சு, எட்டாவது ரவுண்டுல படுக்கப் போட்டவன் அலி. டைசனுக்கு எட்டு ரவுண்டுக்கு மூச்சு இருக்கா?

— போன வருஷம் டக்கரோட பன்னெண்டு ரவுண்டு ஆடி ஜெயிச்சானே, அது மூச்சு இல்லாம பூச்சாண்டியா? பேப்பர் படிக்காம வாயத் திறக்காதீரும்.

— ஆடினான். ஆனா டக்கர் ஓடுனவன். அலி ஓடவும் செய்வான், திரும்பி நின்னு கொத்தவும் செய்வான். நீ பாய் வீட்டுப் பிள்ளை, முகம்மது அலியை விட்டுக் குடுத்துட்டு எவனெவனுக்கோ வக்காலத்து வாங்குத.

— ஓ, பேருக்காக நான் அவன் பின்னாடி வாலாட்டணுமோ? நீரு நாங்குனேரிப் பெருமாள் பேரை வச்சிக்கிட்டு அலிக்குக் கொடி பிடிக்கீரு. உம்மள எவனாவது கேட்டானா? டைசனும் எனக்குப் பெரிசில்ல, கேட்டுக்கிடும். நான் மார்சியானோ ஆளு. நாப்பத்தொம்பது ஆட்டம், ஒருத்தன்கிட்டயும் தோக்காதவன். அவன் முன்னாடி அலியும் தூசு, டைசனும் தூசு.

— ரெண்டு பேரும் தொண்டையைக் கொஞ்சம் இறக்குங்க. கீழ தோல் தைக்குற காரிகருங்க மெஷினை நிப்பாட்டிட்டு மேல பாத்துக்கிட்டு நிக்கானுவ. சிராஜ் வாப்பா, அந்தப் பரண்ல கெடக்குற தகரப் பெட்டிய எறக்கிக் குடுங்க.

— இப்ப பெட்டி என்னத்துக்குளா சைனபு?

— சாயங்காலம் நம்ம மவன் சிராஜு ஆட்டத்துக்கு நானும் வாரேன். போட்டுட்டு வர ஒரு துணி எடுக்கணும்.

— நீ எங்க வார? ஆம்பளைங்க குத்திக்கிற எடத்துல உனக்கென்ன வேலை? வந்துதான் தீருவேன்னா புர்கா கொக்கியில தொங்குதுல்லா. அந்தப் பெட்டியில உன் கல்யாணத்துக்கு மேலப்பாளையத்துலருந்து கொண்டாந்த துப்பட்டியும் அந்துருண்டையும்தான் கெடக்கு. பம்பாய்க்கு வந்த பொறவு எவ அந்த வெள்ளைத் துப்பட்டியத் தலையோட போத்துதா?

— எறக்கிக் குடுங்கன்னா எறக்கிக் குடுங்க.

— அப்புறம் பாப்போம். இவரு கதைய முடிச்சுட்டு வாரேன்.

— என் கதைய நீ முடிக்கிறியா? நீ கூப்பிட்டேன்னு நான் வடாலாவுலருந்து வரலைலே சாகுலு. சிராஜு வந்து கூப்பிட்டான், அவனுக்காக வந்தேன்.

— நான் எதுக்கு உம்மளக் கூப்பிடப் போறேன்? இருபத்திநாலு வருஷமா இந்த வாசப்படிய உம்ம கால் மிதிக்க விட்டேனா? என் மவன் ஒரே பிடியா நிக்கான். ‘வானமாமலை பெரியப்பா எனக்குத் துணையா கார்னர்ல நிக்கலைன்னா நான் ரிங்குல ஏறமாட்டேன்’னு. பெரியப்பாவாம் பெரியப்பா! எனக்குத் தெரியாம வடாலா மைதானத்துல அவனுக்குக் குத்துச் சொல்லிக் குடுத்து, என் பிள்ளையை எங்கிட்டருந்தே பிரிச்சுப்புட்டீரு. 

— அவன் எடை பாக்கத் தாதருக்குப் போயிருக்கான். வர்றதுக்குள்ள விஷயத்துக்கு வா. கார்னர்ல நிக்கவா, வேண்டாமா?

— நில்லும். ஆனா ஒரு சத்தியம் பண்ணிட்டு நில்லும். என்ன ஆனாலும், தோல்விய ஒத்துக்கிட்டு ஆட்டத்தை நிப்பாட்டுற அந்தத் துண்டை எறியமாட்டேன்னு.

— அது முடியாது.

— முடியாதா? மார்சியானோவுக்கு மூக்கு ரெண்டாப் பொளந்து தொங்கிச்சு, தெரியுமா உமக்கு? எஸார்டு சார்லஸ்கூட ஆடும்போது. ரத்தம் குழாயத் திறந்துவிட்ட மாதிரி ஊத்துது. டாக்டர் ஆட்டத்தை நிப்பாட்டிருவாரோன்னு நிக்காரு. அவன் கார்னர்ல நின்னவன் துண்டை எறிஞ்சானா? எறியலைங்காணும்! எட்டாவது ரவுண்டுல மார்சியானோ அடிச்சான், சார்லஸ் காலி. பட்டம் அவன்கிட்டயே நின்னுச்சு. அவனுக்கு மட்டும் உம்ம மாதிரி ஒரு ஆள் கார்னர்ல வாய்ச்சிருந்தா நாப்பத்தொம்பது எங்க வந்திருக்கும்?

— மார்சியானோ மூக்கைப் பேசுத. ஃப்ரேஸியர் கண்ணைப் பேசமாட்டியே? மணிலாவுல பதினாலு ரவுண்டு. ஃப்ரேஸியருக்கு எதிர்ல நிக்கவன் தெரியல. கடைசி ரவுண்டுக்கு எந்திரிக்கான். அவன் கார்னர்க்காரன் தோள்ல கை வச்சு ‘உக்காருப்பா, போதும்’னுட்டான். ஃப்ரேஸியர் கத்துதான், கெஞ்சுதான். விடலையே. அந்த மனுஷன் துரோகியா?

— ஆமா, துரோகி! எதிர்ப் பக்கத்துல அலியும் எந்திரிக்க முடியாமத்தான் கெடந்தான். இன்னும் ஒரு ரவுண்டு விட்டிருந்தா எவன் விழுந்திருப்பான்னு எவனுக்குத் தெரியும்? இப்ப உலகம் பூரா கேக்குது. கேட்டு என்ன பிரயோசனம்? ஃப்ரேஸியர் சாகுற வரைக்கும் அதையே நெனச்சு நெனச்சு வேகணும். வெந்தவனுக்குத்தான் தெரியும்வே அது!

— வேகட்டும். உசுரோட இருந்து வேகட்டும்.

— பாத்தியாளா சைனபு, எப்படிப் பேசுதாருன்னு! கொன்னவன் கருமாதிக்கு வந்து நின்னு பேசுத மாதிரி.

— எனக்கு எல்லாம் கேக்குது. டீ ஆறுது, அண்ணாச்சி குடிங்க. சிராஜ் வாப்பா, நீங்களும் குடிங்க. வாய் அடைச்சிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது.

— வாய் அடைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுதேன். அமெரிக்காவுல கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாத்தான். மார்சியானோவும் அலியும் மோதினா யாரு ஜெயிப்பான்னு. படமாவே எடுத்தான். பதிமூணாவது ரவுண்டுல உம்ம அலி தரையில! மெஷின் பொய் சொல்லுமா?

— அதே படத்துக்கு ஐரோப்பாவுல வேற முடிவு வச்சான், அத ஏன் முழுங்குத? அங்க மார்சியானோ முகம் கிழிஞ்சு அலி ஜெயிச்சான். அந்தந்த ஊருக்கு எது இனிக்குமோ அத ஊட்டிவிட்டான். நடக்காத ஆட்டத்துல யாரும் யாரை வேணும்னாலும் ஜெயிக்கலாம்லே சாகுலு. நீயும் இருபத்திநாலு வருஷமா அதத்தான் பண்ணிட்டிருக்க. பீட்டரைத் தெனமும் மனசுக்குள்ள அடிச்சு வீழ்த்துத.

— பீட்டர் பேரை எடுக்காதீரும்!

— எடுப்பேன். அந்தக் கோவாக்காரன் பேரை எடுக்கத்தான் வந்தேன்.

— எடுக்காதீருங்கேன்! நான் ஜெயிச்சிட்டிருந்த ஆட்டம் அது. மதன்புரா காம்பவுண்டு, இன்னைக்கு என் மவன் ஆடப்போற அதே எடம், அதே மாடிக் கேலரிக்குக் கீழ. மூணாவது ரவுண்டு. ரெண்டு தடவை விழுந்தேன், சரி. எந்திரிச்சேன்ல? பீட்டருக்கு மூச்சு வாங்குது, கை எறங்கிட்டு. இன்னும் ஒரு நிமிஷம் வேய்! ஒரே ஒரு நிமிஷம். ஜெயிச்சவனுக்குக் கம்பெனியில ஸ்போர்ட்ஸ் வேலை, குவார்ட்டர்ஸ், வருஷா வருஷம் யூனிஃபார்ம். நீரு துண்டை எறிஞ்சீரு. வேலை பீட்டருக்குப் போச்சு. நான் இங்க தோல்பைக்குக் கைப்பிடி தச்சிக்கிட்டு தோல் நாத்தத்துல கெடக்கேன்.

— தோல் நாத்தமா? இந்த நாத்தத்துலதான் கீழ எட்டுப் பேரு நீ குடுக்குற சம்பளத்துல சோறு திங்கான்.

— எனக்கு சோறா பிரச்சினை? சொந்த ஊர்க்காரன்னு நம்பினேன் உம்மள. அண்ணாச்சி அண்ணாச்சின்னு பின்னாடியே சுத்தினேன். அன்னைக்கோட அந்த வார்த்தைய விட்டேன். இனி செத்தாலும் கூப்பிடமாட்டேன்.

— கூப்பிட வேண்டாம். பீட்டர் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?

— எங்க இருந்தா எனக்கென்ன? ரிட்டையர் ஆகி பென்ஷன் வாங்கிட்டு ஜாலியா இருப்பான்.

— வடாலா சர்ச் வாசல்ல இருக்கான். கம்பெனிக்காக இன்னும் பத்து வருஷம் ஆடினான்லே. அவன் கார்னர்ல நின்னவன் எவனும் ஒருநாளும் துண்டை எறியல. உனக்குப் பிடிச்ச மாதிரி ஆளுங்க. இப்ப பேச்சு கொழகொழன்னு வருது. எச்சில் ஒழுகுறது அவனுக்கே தெரியல. போன வாரம் என்னைப் பாத்துட்டு கையப் பிடிச்சுக்கிட்டான். ‘கண்ட்டி கப் பஜேகா?’ன்னு கேக்கான். மணி எப்ப அடிக்கும்னு. ரவுண்டு முடியற மணி! நான் என்ன பதில் சொல்ல? ‘அடிச்சாச்சு பீட்டர், நீ ஜெயிச்சுட்ட’ன்னேன். சிரிக்கான்.

— …அது அவன் தலையெழுத்து. அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தம் இருக்குங்க. ரஹ்மத்துல்லா மவனோட சிராஜு போன மாசம் ஆடினான்ல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோத்தத் திங்காம உக்காந்திருந்தான். ‘உம்மா, வாப்பா எங்க?’ன்னான். கடைக்குப் போயிருக்காகன்னேன். தண்ணி குடிச்சான். ‘உம்மா, வாப்பா எங்க?’ன்னான். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் கேட்டான். விடியற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான், சிராஜ் வாப்பா. நீங்க உல்லாஸ்நகர்க் கடைக்கு மால் எடுத்துட்டுப் போயிருந்தீங்க.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? மார்சியானோ மூக்குன்னு ஆரம்பிச்சிருப்பீங்க.

— ஏளா!

— கத்தாதீங்க. இன்னைக்கு அவனுக்கு எதிர்ல நிக்கிறது புனாவுலருந்து வார மிலிட்டரிக்காரன். ஆட வேண்டாம்ப்பான்னு நான் அழுது பாத்துட்டேன். அண்ணாச்சியும் சொல்லிப் பாத்துட்டாக. கேக்கமாட்டேங்கான்.

— கேக்க மாட்டான் தங்கச்சி. ஏன்னு இவன்கிட்டயே கேளு. சிராஜு எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமாலே சாகுலு? ‘பெரியப்பா, எங்க வாப்பாகிட்டருந்து பறிச்சத நான் அதே காம்பவுண்டுல வாங்கிக் குடுக்கணும்’னான். பால்குடி மறந்த நாள்லருந்து அவனுக்கு நீ ஊட்டினது அதத்தானே? ‘உன் வாப்பா ஜெயிச்சிருப்பான், ஜெயிச்சிருப்பான்’னு. அவன் பாவம், நடக்காத ஆட்டத்துக்குப் பழிவாங்க நடக்குற ஆட்டத்துல மண்டையக் குடுக்கான்.

— என் பிள்ளைக்கு நான் உண்மையத்தான் சொன்னேன்! பிள்ளைக்கு ரோஷம் இருக்கு. உமக்குப் பிள்ளை குட்டி கெடையாது, ரோஷமும் கெடையாது. துண்டைத் தூக்கி எறிஞ்சிட்டு எவன் முகத்துலயும் முழிக்கிற ஜென்மம். 

— என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. இருபத்திநாலு வருஷமா கேட்டாச்சு. ஊர்க்காரன் பூரா துண்டுக்காரன்னு கூப்பிட்டாச்சு. ஒரு பையன் என்கிட்ட குத்துப் பழக வரல. உன் மவன் ஒருத்தன் வந்தான். அவன் விழுந்தா நான் எறிவேன். பெருமாளே வந்து தடுத்தாலும் எறிவேன்.

— எறிஞ்சு பாரும்! கையை வெட்டிப்புடுவேன். துண்டு எறியற ஸ்டைலைப் பாரு இவருக்கு! எல்லா ஊர்லயும் துண்டு காலடியில வந்து விழும். இவரு எறிஞ்சது என் தலையில வந்து விழுந்துச்சு. கண்ணு, மூக்கு, வாய், கை எல்லாத்தையும் மூடிட்டு. பேயடிச்ச மாதிரி நான் உள்ள கெடந்து ஒழப்புதேன். ரெஃப்ரி, அந்தப் பார்சிக்காரன், பீட்டர் கையைத் தூக்கிட்டான். அதுல அத்தர் மணம் வேற! மாப்பிள்ளைக்குப் போத்துத மாதிரி அத்தர் பூசின துண்டு. கார்னர்ல நிக்கவன் துண்டு வேர்வையில நாறணும். இவருக்கு அத்தர் கேக்குது அத்தர்!

— சரி, முடிஞ்சுதா? நான் கீழ போய் நிக்கேன். சிராஜு வந்ததும் சேர்ந்து போறோம். நீ வந்தா வா, வராட்டிப் போ.

— எங்க நழுவுதீரு? உக்காரும்! இன்னும் இருக்கு. தோக்கடிச்சிட்டுப் பெரிய பாசக்காரன் மாதிரி ஓடி வந்தீருல்லா ரிங்குக்குள்ள? கழுத்துல கெடந்த செவப்புத் துண்டை உருவி என் முகத்துல ரத்தத்தத் துடைச்சீரு. நான் தட்டிவிட்டேன். அந்தச் செவப்புத் துண்டை உம்ம முகத்துலயே விட்டெறிஞ்சேன். ஞாபகம் இருக்கா?

— …இருக்கு.

— சிராஜ் வாப்பா.

— என்னளா?

— அண்ணாச்சி கழுத்துல கெடந்தது செவப்புத் துண்டு.

— ஆமா. எப்பவும் அந்தச் செவப்புத் துண்டுதான் போட்டிருப்பாரு. இப்பவும் பாரு, அதே கலருதான் கெடக்கு.

— உங்க தலையில விழுந்தது?

— வெள்ளை.

— தங்கச்சி, வேண்டாம்.

— கார்னர்ல எத்தனை துண்டு இருந்துச்சு?

— ஒண்ணுதான். எங்களுக்கு அன்னைக்கு ரெண்டு துண்டுக்கு வக்கேது? ஏன், நீ எதுக்கு இப்ப… இரு. இருளா. அந்த வெள்ளை…

— தங்கச்சி, சொன்னா கேளு, வேண்டாம்மா. இத்தனை நாள் போனது போச்சு. என் பேர்ல இருக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு.

— உங்களுக்குப் பழகிப்போச்சு அண்ணாச்சி. என் பிள்ளைக்குப் பழகக் கூடாது. சிராஜ் வாப்பா, நீங்க ஜெயிச்சிட்டிருக்கல. பீட்டர் உங்களுக்குப் பின்னால நின்னான். நீங்க ஆளில்லாத பக்கத்தப் பாத்துக் குத்திக்கிட்டு இருந்தீங்க. வெறும் காத்துல. சனமெல்லாம் சிரிச்சுச்சு. பீட்டரே அடிக்க மனசில்லாம கையத் தொங்கப்போட்டு ரெஃப்ரியப் பாத்தான். அவன் கை எறங்கினது மூச்சு வாங்கி இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இல்லையே! வயித்துப் பிள்ளக்காரி, வீட்ட விட்டு வெளிய எறங்காதன்னு சொல்லிட்டுல்லா போனேன்?

— சொன்னீங்க. நான் எறங்கினேன். நஜ்முன்னிசா லாத்தா வீடு அந்தக் காம்பவுண்டுல முதல் மாடி. கேலரியில பொம்பளைங்களோட நின்னேன். ரிங்கு நேர்க் கீழ. லைட்டெல்லாம் எங்க காலுக்குக் கீழதான் கட்டியிருந்தான், கீழருந்து பாத்தா மேல யாரும் தெரியாது. அண்ணாச்சிக்கு மட்டும் தெரிஞ்சிட்டு. துணி விழுந்த பொறவு அண்ணாந்து பாத்தாக. நான் தலையில ஒண்ணுமில்லாம நின்னேன்.

— சாகுலு, கேளுப்பா. ஐந்நூறு ஆம்பளைங்க. உன் பொண்டாட்டி முக்காட்ட உருவி ரிங்குக்குள்ள எறிஞ்சது தெரிஞ்சிருந்தா ஜமாத்துல என்ன பேசியிருப்பாங்க, உன் வாப்பா என்ன பண்ணியிருப்பாரு? உன் ரோஷத்துக்கு நீ என்ன பண்ணியிருப்ப? ரெஃப்ரி ‘யாரு எறிஞ்சது?’ன்னு கேட்டான். நான் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, நான்தான்னேன். வேற என்ன சொல்ல?

— …அண்ணாச்சி.

— விடுப்பா.

— அண்ணாச்சி… நான் உங்களை…

— அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கிடுங்க, கீழ சிராஜு குரல் கேக்குது. அண்ணாச்சி, இவுக கேட்ட சத்தியத்தப் பண்ணிக் குடுத்துருங்க. நீங்க துண்டை எறிய வேண்டாம். அன்னைக்கும் நீங்க எறியல, இன்னைக்கும் எறிய வேண்டாம்.

— அப்ப பிள்ளை விழுந்தா, சைனபு?

— பெட்டிய எறக்குங்க, சிராஜ் வாப்பா. அதே துப்பட்டியப் போட்டுக்கிட்டு அதே கேலரியிலதான் நிக்கப் போறேன்.